வேம்புலியின் கட்டைவிரல்

என் தம்பி வேம்புலி ஜெயித்தது இன்னின்னது என்று சொல்ல என்னிடம் சில உண்டு. ஆறு வயதில் வலிப்பு வந்து, தேறாது என்று டாக்டரே சொன்ன பிள்ளை, பன்னிரண்டு வயதில் வலிப்பை உதறிவிட்டு எழுந்தான். பள்ளிக்கூடம் பார்க்காதவன், ஐ.டி.ஐ. படித்தவர்களை மட்டும் நிறுத்துகிற குழாய் மில்லில் ஆபரேட்டராக நின்றான். கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள்தான். ஆனாலும் அந்தத் தொழிற்சாலையில் இரண்டாம் நம்பர் மில்லை வேம்புலி மில் என்றுதான் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வலிப்பு வந்த கதையை மறைக்காமல் சொன்னான். அதைக் கேட்ட பிறகும் நாகவல்லி அவனைக் கட்டிக்கொண்டாள். செத்துப்போன நண்பனின் பெயரில் ஒட்டியிருந்த திருடன் என்கிற சொல்லை எடுத்துப் போட்டான். அந்த நண்பனின் தாயாருக்கு இப்போது மாதாமாதம் பென்ஷன் வருகிறது.

தோற்றதையும் சொல்லிவிட வேண்டும். வேலை போயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் காண்ட்ராக்டரும் இன்று அவனைச் சேர்ப்பதில்லை. அவன் பேரில் ஒரு வழக்கு நடக்கிறது. வாய்தா தேதிகளில் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போய் வருகிறான். மற்ற நாட்களில் பருத்திப்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். கடைசியாக ஜெயித்ததும் தோற்றதும் ஒரே நாளில் நடந்தவை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாரிவாக்கம். அப்பா முனியன் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்; அந்த நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு லாரியில் செங்கல் ஏற்றினார். நான் கமலம், மூத்தவள், எட்டாவது வரை படித்தவள். ஆவடியில் ஒரு துணி கம்பெனியில் நூல் பிசிறு வெட்டி, தைத்ததைச் சரிபார்க்கிற வேலை. வேம்புலி என்னைவிட ஐந்து வயது சின்னவன். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மூன்றாவது வாரம், வகுப்பிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. வாத்தியார் அவனைத் தூக்கி வந்து வீட்டில் விட்டு, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் திரும்பப் போய்க் கேட்கவில்லை. வலிப்பு நின்றபோது அவன் வயதுப் பிள்ளைகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செங்கல் லாரியில் ஏறிவிட்டான்.

2009 பிப்ரவரியில் அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். கார், லாரி ரேடியேட்டருக்குள் வரிசையாக நிற்குமே மெல்லிய அலுமினியக் குழாய்கள், அவற்றைச் செய்கிற இடம். ஆள் எடுத்தவர் மனோகரன் என்கிற காண்ட்ராக்டர். நான்தான் தம்பியைக் கூட்டிப் போனேன். மனோகரன் நான்கு வெள்ளைத் தாள்களை மேஜையில் பரப்பி, ஊதா மை டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கீழே வலது ஓரத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார். எழுதாத தாளில் எதற்கு என்று கேட்டேன். இ.எஸ்.ஐ., பி.எஃப். பாரத்துக்கு, டைப் அடிக்க நேரமாகும், எல்லாரும் இப்படித்தான் வைக்கிறார்கள் என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் அப்படித்தான் வைத்தார்கள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. மை காய்வதற்குள் அந்த நான்கு தாள்களும் இழுப்பறைக்குள் போயின.

வேம்புலி மூன்று வருஷம் சுருள் தூக்கினான், குழாய் கட்டு கட்டினான், பிறகு மில்லில் நின்றான். அங்கே நடக்கும் வேலையை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு விரல் அகலத்தில் அலுமினியத் தகடு நாடா போலச் சுருண்டு வரும். அட்டைக் கனம்கூட இருக்காது. அது உருளைகளுக்கு நடுவே போகப் போக ஓரங்கள் எழும்பி, வளைந்து, ஒன்றையொன்று தொடும். தொடுகிற இடத்தில் ஒரு பெட்டிக்குள் பலமான மின்சாரம் பாய்ந்து இரண்டு ஓரங்களையும் உருக்கி ஒட்டிவிடும். ஒட்டின குழாய் தட்டையாகி, அளவு பார்த்து வெட்டுப்பட்டு, தட்டில் வந்து விழும். ஒட்டு சரியில்லாத ஒரு குழாய் ரேடியேட்டருக்குள் போய்விட்டால், எங்கேயோ நெடுஞ்சாலையில் ஒரு லாரி தண்ணீர் கசிந்து, கொதித்து நிற்கும்.

ஒட்டைச் சோதிக்க மின்கருவி உண்டு. கெட்ட குழாய் வந்தால் மை அடித்துக் காட்டும். ஆனால் கருவி காட்டும்போது ஐம்பது குழாய் கெட்டிருக்கும். வேம்புலி வலது கை உறையைக் கழற்றிவிட்டு, விழுகிற குழாயை எடுத்து ஒட்டுமேல் கட்டைவிரலை ஓட்டுவான். ஒட்டு தடிப்பது, விலகுவது எல்லாம் அவனுக்கு விரலில் தெரிந்துவிடும். கருவி மை அடிப்பதற்குள் உருளையைத் திருகிச் சரிசெய்துவிடுவான். ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான குழாய்கள். குளிரூட்டும் பால் போன்ற தண்ணீரில் விரல் ஊறியிருக்கும். ஊறின தோலை அலுமினியப் பிசிறு உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும்.

அவனோடு அந்த மில்லில் நின்றவன் முகமது ஆசிக். சென்னீர்குப்பத்துக்காரன், வேம்புலியைவிட ஆறு வயது இளையவன், தகப்பன் இல்லை, தாயார் மட்டும். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வேம்புலி அவர்கள் வீட்டில் சாப்பிடுவான். அவன் எங்கள் வீட்டில் சாப்பிடுவான். வாய் ஓயாதவன். வேம்புலியின் விரலை வைத்து அவன் செய்யாத கேலி இல்லை.

"கட்டவெரலுக்குத் தனியா சம்பளம் கேளு மாமே. கெவர்மென்ட்டு முத்திரய விட இதுக்கு மதிப்பு ஜாஸ்தி."

2019 தொடக்கத்தில் வருகைப் பதிவு இயந்திரம் வேம்புலியின் விரலை ஏற்கவில்லை. இந்த விரல், அந்த விரல், துடைத்து, எண்ணெய் தடவி, எல்லாம் பார்த்தார்கள். கட்டைவிரல் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது, ஒரு கோடு இல்லை. வரிசையில் பின்னால் நின்ற ஆசிக், "மிஷினே சொல்லுது, நீ வேலைக்கே வரலியாம். ஊட்டுக்குப் போ மாமே" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தானாம். ரேஷன் கடையிலும் அதே கதை. நாகவல்லி போய் விரல் வைத்துத்தான் அரிசி வாங்கினோம். ஏப்ரல் மாதம் தொழிற்சாலை அவனுக்கு ஓர் அட்டை கொடுத்தது. கூடவே ஒரு கடிதம்: இவருடைய விரல் ரேகை பதிவாகாததால் அட்டை மூலம் வருகை பதியலாம் என்று, முத்திரையோடு. எந்தக் காகிதத்தையும் நான் தூக்கிப் போடுவதில்லை. அதையும் எங்கள் தகரப் பெட்டியில் வைத்தேன்.

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. முதல் ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும். முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது, குழாய் ஒட்டுகிற பெட்டிக்குள் இருக்கும் ஒரு கம்பி கருகிவிட்டது. அடிக்கடி கருகுகிற கம்பிதான். பெட்டியைத் திறந்து மாற்ற வேண்டும். ஆசிக் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். உருளைகள் நின்றன. பெட்டிக்குள் மின்சாரம் நிற்கவில்லை. கதவைத் திறந்து கையை விட்டான். மறுமுனையில் வெட்டும் இடத்தில் இருந்த வேம்புலி ஒரு சத்தம் கேட்டுத் திரும்பியபோது ஆசிக் கீழே கிடந்தான். ஆஸ்பத்திரியில், உயிர் போய்த்தான் வந்திருக்கிறது என்றார்கள்.

அந்தப் பெட்டிக் கதவில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. கதவு திறந்தால் மின்சாரம் தானாக அறுந்துவிடும். அது வேலை செய்திருந்தால் ஆசிக் இன்று இருப்பான்.

வேம்புலியை மறுநாளே மில்லிலிருந்து எடுத்து, குழாய்களை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற பக்கம் போட்டார்கள். வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவான். நண்பன் போன துக்கம் என்றே நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து, ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆசிக்கின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. இ.எஸ்.ஐ.யிலிருந்து அவருக்கு வர வேண்டிய பென்ஷன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கம்பெனி தரப்பில் ஒரு வாக்குமூலம் போயிருக்கிறதாம். ஷிஃப்ட் முடிந்த பிறகு, பெட்டிக்குள் இருக்கும் தாமிரச் சுருளைத் திருடத்தான் ஆசிக் கதவைத் திறந்தான், அதைக் கண்ணால் பார்த்தவன் வேம்புலி என்று. சென்னீர்குப்பத்தில் அவர்கள் தெருவுக்கே அந்தப் பேச்சு வந்துவிட்டது.

"என் ஊட்ல சோறு துன்ன கை தானேப்பா இது" என்றார். "இந்தக் கையாலயா எம்புள்ள செம்பு திருடனான்னு நாட்டு வெச்சுக் குடுத்த?"

வேம்புலி எழுந்து நின்றான். "நான் எதுலயும் வெக்கலம்மா."

"வெக்கலன்னா அது யாரு வெரலு? நான் பாத்தேன். ஆபீசுல காட்டுனாங்க."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். இ.எஸ்.ஐ. ஆபீசில் விசாரணை ஜூலை 2 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு அவனோடு போனேன். விசாரணை அதிகாரி வித்யா என்கிற அம்மா. ஒரு பக்கம் ஆசிக்கின் தாயார், இன்னொரு பக்கம் காண்ட்ராக்டர் மனோகரன். அதிகாரி அந்தக் காகிதத்தை வாய்விட்டுப் படித்தார். தாயார் சொன்னதெல்லாம் அதில் அப்படியே இருந்தது. வேம்புலி, இதை நான் சொல்லவும் இல்லை, யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை என்றான். மனோகரன் நாற்காலியில் சாய்ந்தபடி, "நாட்டு உன்துதானே? இல்லன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

அதிகாரி காகிதத்தை நீட்டினார். வேம்புலிக்கு எழுத்து தெரியாது. அதிலிருந்த கைநாட்டை மட்டும் பார்த்தான். சின்ன வயதில் கருக்கரிவாள் பட்ட தழும்பு அந்த ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. இல்லை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"வெரலு என்துதான் மேடம்" என்றான். "ஆனா இதுல கோடு கீதே. என் வெரல்ல கோடு போயி எத்தினியோ வருசமாவுது."

மனோகரன் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மை டப்பாவை வரவழைத்து, ஒரு வெள்ளைத் தாளில் அவன் வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. தாளில் விழுந்தது வெறும் கறுப்புத் திட்டு. நடுவில் தழும்பு மட்டும் கீற்றாகத் தெரிந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊதா மை. கீழே வலது ஓரம். டைப் அடித்த வரிகள் மேலே தாராளமாக ஆரம்பித்து, கைநாட்டுக்குப் பக்கத்தில் வரும்போது இடம் போதாமல் நெருக்கியடித்து நின்றன. நான்கு வெள்ளைத் தாள்களைப் பற்றி அதிகாரியிடம் சொன்னேன். தகரப் பெட்டிக் காகிதங்களையெல்லாம் பையில் அள்ளிப் போயிருந்தேன்; அதிலிருந்து 2019 கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தொழிற்சாலையே முத்திரை போட்டுக் கொடுத்தது. ரேகை இல்லை என்று 2019-இல் எழுதிக் கொடுத்தவர்கள், 2023-இல் அதே விரலின் முழு ரேகையோடு ஒரு காகிதம் தந்திருக்கிறார்கள். மனோகரன் சாய்வதை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தக் காகிதத்தை ஏற்க முடியாது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். ஆனால் அது விழுந்ததால் மட்டும் ஆசிக் வேலை நேரத்தில்தான் செத்தான் என்று ஆகிவிடாது. பக்கத்தில் இருந்தவன் வேம்புலி, அவன் வாக்குமூலம் வேண்டும் என்றார். வேறு விரலை வைத்தாலும் போதும், சாட்சி ஒருவர் கையெழுத்துப் போடட்டும் என்றார்.

வேம்புலி, வேண்டாம் மேடம், ஒரு வாரம் டைம் கொடுங்கள், என் பேரை எழுதியே தருகிறேன் என்றான். மனோகரன், "நாப்பது வயசுல எல்.கே.ஜி. சேரப் போறியா நைனா?" என்றார். அதிகாரி ஜூலை 11 என்று தேதி கொடுத்தார்.

அந்த ஒன்பது நாளும் வேலை முடிந்து வந்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினான். நான் தாளின் தலைப்பில் ஒரு முறை எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான். முதல் கொம்பு பல்லி மாதிரி நெளிந்தது. எழுதி முடித்த எழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பான். பழக்கம். மை ஈஷிக்கொள்ளும்; மறுபடி எழுதுவான்.

சனிக்கிழமை மத்தியானம் வாக்குமூலத்தை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஷிஃப்ட் முடியவில்லை, மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம், கம்பி மாற்றத்தான் திறந்தான். எல்லாம் ஆயிற்று. கதவுச் சுவிட்ச் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். கட்டியிருந்தது என்றான். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் மின்சாரம் அறுந்து, மில் திரும்பச் சூடேறப் பத்து நிமிஷம் ஆகும், அந்த நேரத்துக் குழாயெல்லாம் கழிவாகப் போகும். அதனால் சூப்பர்வைசர் பாஸ்கரன் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே, கதவு மூடியே இருப்பது போல அந்தச் சுவிட்சை அழுத்தி, பிளாஸ்டிக் கட்டுப் பட்டையால் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறார். போலீஸ் வருவதற்கு முன் அந்தப் பட்டையை அறுத்து எடுத்துவிட்டார்கள்.

எழுதிக்கொண்டே போனேன். அவன் அடுத்ததைச் சொன்னான்.

"கட்னது நான்தாங்க்கா."

பேனா நின்றுவிட்டது.

"எனக்குத்தான் கை நடுங்காதுன்னு பட்டைய என்கிட்ட குடுத்தாரு. ஆசிக்குதான் டார்ச்சு புடிச்சான். நல்லா இறுக்கு மாமே, இல்லன்னா தெனம் கத்துவாருன்னு சொன்னான்."

அடுப்படியில் நாகவல்லி கைவேலையை நிறுத்திவிட்டாள். நான் யோசித்துத்தான் சொன்னேன். பாஸ்கரன் கட்டச் சொன்னார் என்று எழுதினால் போதும், யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்றேன். இதை எழுதினால் வேலை மட்டும் போகாது, போலீஸும் வரும் என்றேன். அக்காவாகத்தான் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை.

"நாலு தாள்ல வெரல வெக்கச் சொன்னப்போ நீ கேட்ட, எதுக்குன்னு. அப்பால சும்மா வுட்டுட்ட. அவரு கட்டுன்னப்போ நானும் கேட்டேன். நானும் வுட்டுட்டேன். இப்பவும் வுடச் சொல்றியா?"

நாகவல்லி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே போட்டுவிடுவார்களா என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். வேலை? அது போய்விடும் என்றான். அவள், "அந்தம்மா மறுபடி வந்தா தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போவட்டும். எழ்தச் சொல்லு" என்றாள். நான் எழுதினேன். கட்டியது நான், கட்டச் சொன்னது பாஸ்கரன், கட்டிய மாதம் பிப்ரவரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் இன்னொரு தாளில் நகல் எடுத்தேன்.

குறித்த நாளில் மனோகரன் பாஸ்கரனையும் கூட்டி வந்திருந்தார். அதிகாரி வாக்குமூலத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். சுவிட்ச் பற்றிய பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான் வேம்புலி. ஆசிக்கின் தாயார் அந்த இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதது மகனுக்காகவா, கட்டியது யார் என்று தெரிந்ததாலா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பாஸ்கரன் பின்னாலிருந்து குனிந்து, "உன்ன நீயே மாட்டிக்கிற. புரியுதா?" என்றார்.

"புரியுது சார்" என்றான்.

கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். பேனாவை வாங்கினான். நான்கு எழுத்து போட அவனுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசி எழுத்தின் சுழி கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது. எழுதி முடித்ததும் கட்டைவிரல் தானாகப் போய் ஈர மையின் மேல் ஓடிற்று. லேசாக ஈஷியது. இன்னொரு தாள் எடுக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும், படிக்க முடிகிறது என்றார் அதிகாரி. தேதியையும் அவரே போடட்டும் என்றார். எண்கள் அவனுக்குத் தெரியும். சுருள்களின் மேல் ஒட்டிவரும் சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றவை. பெயருக்குக் கீழே எழுதினான்: 11-7-2024.